நீட் மார்க் குறைந்துவிட்டதா? எங்கே போனது என்று அறிகுறி வாரியாகக் கண்டுபிடிக்கும் வழிமுறை

ரிசல்ட் வந்த வாரத்தில் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "சார், எந்த சென்டருக்கு மாத்தலாம்?" லட்சக்கணக்கில் செலவு வைக்கும் தீர்வு அது. அதைக் கடைசியாகத்தான் யோசிக்க வேண்டும். மார்க் எங்கே போனது என்று தெரிந்துகொள்ளாமல் சென்டரை மாற்றினால், மார்க்கைத் தின்ற பழக்கமும் கூடவே அங்கே வந்து சேரும்.

நீட்டை மறுபடி எழுதும் ரிப்பீட்டர் பிள்ளைகளோடு உட்கார்ந்து அவர்களுடைய விடைத்தாளைப் பிரித்துப் பார்ப்பது என் வேலை. வருடா வருடம் அதே கோளாறுகள்தான் திரும்ப வருகின்றன. அவற்றை அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணத்தை முதலில் பாருங்கள்; அது இல்லை என்று உறுதியான பிறகு அடுத்ததுக்குப் போங்கள்.

எல்லோரும் முதலில் செய்ய வேண்டிய சோதனை

மூன்று பொருள் வேண்டும். தேர்வு அறையிலிருந்து கொண்டுவந்த கேள்வித்தாள். தேர்வை நடத்தும் என்.டி.ஏ. (தேசியத் தேர்வு முகமை) தளத்திலிருந்து எடுத்த உங்கள் ஓ.எம்.ஆர். தாளின், அதாவது நீங்கள் வட்டங்களை நிரப்பிய விடைத்தாளின், ஸ்கேன். உங்கள் கேள்வித்தாளின் குறியீட்டுக்கு உரிய இறுதி விடைக்குறிப்பு. ஓ.எம்.ஆர். ஸ்கேன் தளத்தில் எப்போதும் கிடைக்காது. வெளியிட்ட உடனே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது மார்க் கிடைக்காத ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் ஓர் எழுத்து போடுங்கள்:

வி – தொடாமல் விட்டது.
தெ – பாடமே தெரியாது, அதனால் தவறு.
ஊ – பாதி தெரிந்து, ஊகித்துப் போட்டுத் தவறு.
ந – சரி என்று நம்பிப் போட்டுத் தவறு.

மொத்தம் 180 கேள்வி. இரண்டு மணி நேரம் பிடிக்கும். இதை மாணவரேதான் செய்ய வேண்டும். அப்பாவோ அண்ணனோ பக்கத்தில் உட்கார்ந்தால் எல்லாம் 'ஊ' ஆகிவிடும். 'ந' என்று எழுதக் கூச்சமாக இருக்கும். அந்த 'ந' எத்தனை என்பதுதான் நமக்கு மிகவும் தேவைப்படும் எண்.

அறிகுறி: சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் இல்லை, புத்தகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை

இது இருந்தால் மேலே சொன்ன சோதனையைத் தள்ளிப் போடுங்கள். மற்ற எல்லாமே காத்திருக்கலாம்.

முதலில் எளிய காரணங்கள். ஒரு வருடம் தூக்கம் கெட்டுப் படித்த உடம்பு ஓய்வு கேட்கிறது. உறவுக்காரர்கள் போன் போட்டு "எவ்வளவு?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கூடப் படித்தவர்களின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஸ்டெதஸ்கோப் படம். போன்களை அம்மா அப்பா எடுத்துப் பேசட்டும்; மார்க்கைச் சொல்ல வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. ஸ்டேட்டஸ்களை மியூட் செய்யுங்கள். பத்து நாள் புத்தகமே வேண்டாம்.

இரண்டு வாரம் தாண்டியும் தூக்கமும் சாப்பாடும் சீராகவில்லை என்றால் டாக்டரிடம் போக வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. "நான் இருந்து என்ன பிரயோஜனம்", "எல்லாருக்கும் பாரமா இருக்கேன்" என்று பிள்ளை ஒரே ஒரு தடவை சொன்னாலும் இரண்டு வாரம் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே பேசுங்கள், நேராகக் கேளுங்கள், தனியாக விடாதீர்கள். தமிழக அரசின் 104, மத்திய அரசின் டெலி மானஸ் 14416, இரண்டுமே எந்த நேரமும் தமிழில் பேசக்கூடிய இலவச எண்கள். பெற்றோரும் அழைக்கலாம். கேட்டால் அந்த நினைப்பு வந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம். கேட்பதால் யாருக்கும் அந்த எண்ணம் வருவதில்லை.

அறிகுறி: பேப்பர் சுமாராக எழுதினேன், ஆனால் சீனியர்கள் வாங்கியதைவிட மார்க் குறைவு

கோளாறு உங்களிடம் இல்லாமலேயே இருக்கலாம். 2024-ல் முழு மதிப்பெண்ணான 720-ஐப் பலர் வாங்கினார்கள். 2025-ல் இந்தியாவிலேயே முதலிடம் 686 தான். பொதுப்பிரிவுத் தகுதி மதிப்பெண் 2024-ல் 162, 2025-ல் 144. ஆகவே ஒரு வருடத்து 480-ஐ இன்னொரு வருடத்து 480-ஓடு ஒப்பிடக் கூடாது.

பார்க்க வேண்டியது ரேங்க். அதிலும் அகில இந்திய ரேங்க் மட்டும் போதாது; மாநிலத் தேர்வுக்குழு வெளியிடும் தரவரிசையில் உங்கள் பொது இடமும் சமுதாய வாரியான இடமும் வேண்டும். முந்தைய வருடக் கலந்தாய்வில் உங்கள் பிரிவுக்குக் கடைசி இடம் எந்தத் தரவரிசை எண்ணுக்குக் கிடைத்தது என்று பாருங்கள். மார்க்கை வைத்து யூடியூபில் சொல்லும் கட்-ஆஃப் கணிப்பை நம்பி, கலந்தாய்வுக்கே விண்ணப்பிக்காமல் விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். மனசு வலிக்கும் விஷயம் அது. தகுதி மதிப்பெண்ணைத் தாண்டியிருந்தால் விண்ணப்பியுங்கள். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அதன் தரவரிசை தனி. பல் மருத்துவம், சித்தா, ஆயுர்வேதம், ஓமியோபதி எல்லாவற்றுக்கும் இதே நீட் மார்க்தான்.

அறிகுறி: கீ (விடைக்குறிப்பு) பார்த்து நான் போட்ட கணக்கு ஒன்று, ரிசல்ட் வேறு

வேறு குறியீட்டுக் கேள்வித்தாளின் கீயைப் பார்த்திருக்கலாம். மிகவும் சாதாரணமாக நடப்பது இதுதான். அது சரி என்றால், கோச்சிங் சென்டர் போட்ட கீயும் என்.டி.ஏ.வின் இறுதிக் கீயும் வேறுபடுகின்றனவா என்று பாருங்கள். அதுவும் சரி என்றால் ஸ்கேனைப் பெரிதாக்கிப் பாருங்கள்: இரண்டு வட்டம் நிரம்பியிருக்கிறதா, ஏதாவது ஒரு கேள்வியிலிருந்து விடைகள் ஒரு வரி தள்ளிப் போயிருக்கின்றனவா.

தற்காலிக விடைக்குறிப்பும் ஓ.எம்.ஆரில் பதிவான விடைகளும் வெளியாகும் சில நாட்களுக்குள் ஒரு கேள்விக்கு 200 ரூபாய் கட்டி ஆட்சேபம் தெரிவிக்கலாம். பணம் திரும்ப வராது. ரிசல்ட்டுக்குப் பிறகு மறுமதிப்பீடு கிடையாது. ஸ்கேனில் இருக்கும் கையெழுத்தே உங்களுடையது இல்லை என்ற அளவுக்குப் பிரச்சினை இருந்தால் மட்டும் வக்கீலைப் பாருங்கள். "மார்க் ஏத்தித் தர்றோம்" என்று போன் செய்பவர்களிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

அறிகுறி: மாக் டெஸ்டில் 550, ஹாலில் 430

முதல் காரணம் போன். மொபைல் ஆப்பில் விடையைத் தொட்டால் முடிந்தது. ஹாலில் கறுப்பு பால்பாயின்ட் பேனாவால் வட்டத்தை நிரப்ப வேண்டும், அழிக்க முடியாது. ஒரு வட்டத்துக்கு ஐந்து விநாடி என்றாலும் 180 கேள்விக்குக் கால் மணி நேரம். ஆப்பில் பழகியவர்களுக்கு அந்தக் கால் மணி நேரம் கணக்கிலேயே இல்லை. ஓ.எம்.ஆர். தாள் ஜெராக்ஸ் எடுத்து ஒரு கட்டு வைத்துக்கொள்ளுங்கள். இனி முழு டெஸ்ட் எல்லாம் அதில்தான்.

இரண்டாவது நேரம். தேர்வு மதியம் 2 முதல் 5 வரை. கேட் 1.30-க்கு மூடிவிடும் என்பதால் வெயிலில் முன்னாடியே போய் நிற்க வேண்டும். காலை ஆறு மணிக்கு எழுதிப் பழகிய மூளையும், மதியச் சாப்பாட்டுக்குப் பின் தூங்கிப் பழகிய உடம்பும் அந்த நேரத்தில் ஒத்துழைக்காது. கடைசி இரண்டு மாதம் முழு டெஸ்ட்டை அதே இரண்டு மணிக்கு, முடிந்தால் ஏசி இல்லாத அறையில் எழுதுங்கள்.

மூன்றாவது, அந்த 550 உண்மையான 550 தானா? ஒரே சென்டரின் கேள்வி வங்கியிலிருந்து வரும் டெஸ்ட்டுகளில் பார்த்த கேள்வியே திரும்ப வரும். சோதிக்க வழி: நீங்கள் தொடாத முந்தைய வருட நீட் தாள் ஒன்றை எடுத்து எழுதுங்கள். 2021 முதல் 2024 வரையிலான தாள்களில் 200 கேள்வி இருக்கும், 180-க்கு விடையளித்தால் போதும், நேரம் 2021-ல் 180 நிமிடம், 2022 முதல் 2024 வரை 200 நிமிடம். 2025 முதல் சாய்ஸ் கிடையாது. 180 கேள்வி, 180 நிமிடம். அதனால் அந்தப் பழைய தாள்களில் சாய்ஸ் இருந்த பி பிரிவில் ஒவ்வொரு பாடத்திலும் (தாவரவியல், விலங்கியல் தனித்தனி) ஐந்து கேள்வியை எழுத ஆரம்பிக்கும் முன்பே அடித்துவிட்டு, மூன்று மணி நேரம் வைத்து எழுதுங்கள். 2024-ல் பாடத்திட்டம் குறைக்கப்பட்டது. சாலிட் ஸ்டேட், சர்ஃபேஸ் கெமிஸ்ட்ரி, பாலிமர் போன்றவை இப்போது இல்லை. அந்தக் கேள்விகளையும் நீக்கிக் கணக்கிடுங்கள். இப்படி எழுதினாலும் 550-ஐ ஒட்டி வருகிறதென்றால் படிப்பில் குறையில்லை, கோளாறு ஹாலில்தான்.

அப்போது பார்க்க வேண்டியது பதற்றம். கை நடுக்கம், மூச்சு முட்டுதல், கண் இருட்டுதல் என்று உடம்பில் தெரிந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். நண்பன் கொடுத்தான் என்று நடுக்கத்துக்கான மாத்திரையைத் தேர்வு நாளில் முதல்முறையாகப் போட்டுக்கொள்வது ஆபத்து.

அறிகுறி: நெகட்டிவ் மார்க் அள்ளிக்கொண்டு போகிறது

சரி என்றால் 4, தவறு என்றால் கழித்தல் 1. இந்த ஒன்றுக்குப் பயந்து கேள்வியை விடச் சொல்லும் அறிவுரைதான் ஊரெல்லாம் கிடைக்கிறது. கணக்கு வேறு சொல்கிறது. ஐந்து கேள்வியை ஊகித்துப் போட்டு ஒன்று மட்டும் சரியானால் நான்கு வரும், நான்கு போகும், நஷ்டம் இல்லை. இரண்டு ஆப்ஷனை நிச்சயமாக அடித்துவிட்டு மீதி இரண்டில் ஒன்றைப் போடும் கேள்வி பத்து இருந்தால், பாதி சரியானாலே 20 வந்து 5 போய், 15 மார்க் கையில் நிற்கும். அதை விட்டால் பூஜ்யம்.

ஆகவே 'ஊ' குவியலைப் பார்த்து அழ வேண்டாம். அடுத்த மாக் டெஸ்ட்டிலிருந்து ஊகித்துப் போடும் கேள்விக்கெல்லாம் அந்த இடத்திலேயே கேள்வித்தாளில் ஒரு புள்ளி வையுங்கள். பிறகு புள்ளி வைத்தவற்றில் எத்தனை சரி என்று எண்ணுங்கள். ஐந்தில் ஒன்றுக்கு மேல் சரியாக வந்தால் ஊகத்தைத் தொடருங்கள். சில பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கைக் காட்டிய பிறகுதான் 'வி' குவியல் குறைகிறது.

உண்மையில் மார்க்கைத் தின்பது 'ந'. தெரியாத கேள்வியை நாம் சந்தேகப்படுகிறோம், திரும்பிப் பார்க்கிறோம். நம்பிக்கையோடு போட்டதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அப்படிப்பட்ட ஒவ்வொரு கேள்வியும் வர வேண்டிய நான்கையும் எடுத்து, இருக்கும் ஒன்றையும் எடுக்கிறது. "தெரிஞ்ச கேள்விதான் சார்" என்று தலையைக் குனிந்துகொண்டு சொல்வார்கள். இதை மறுபடி நான்காகப் பிரியுங்கள்.

கேள்வியைத் தப்பாகப் படித்தது: "தவறான கூற்று எது", "பொருந்தாதது எது" என்பதில் கண் தாண்டிப் போனது. அந்தச் சொல்லை வட்டமிட்ட பிறகே ஆப்ஷனைப் பார்ப்பது என்று பழகினால் சில வாரத்தில் சரியாகும்.

தாளில் டிக் செய்தது ஒன்று, ஓ.எம்.ஆரில் நிரப்பியது ஒன்று: எல்லாவற்றையும் கடைசியில் மொத்தமாக நிரப்புபவர்களுக்கு வரும் கோளாறு. ஒரு பக்கம் முடிந்ததும் அந்தப் பக்கத்தை நிரப்புங்கள்.

இரண்டு கூற்று, காரணம் வகைக் கேள்விகள்: ஆப்ஷனைக் கையால் மறைத்துக்கொண்டு ஒவ்வொரு கூற்றின் பக்கத்திலும் சரி, தவறு என்று தனித்தனியாக எழுதுங்கள். ஆப்ஷனைப் படித்துவிட்டால் அதுவே நம்மைப் பக்கவாட்டில் தள்ளும்.

தப்பாகவே மனப்பாடமானது: முதல்நிலை ஸ்பெர்மட்டோசைட்டில் 46 குரோமோசோம், இரண்டாம் நிலையில் 23. இதை மாற்றிப் போட்டுவிட்டு, கீ தப்பு என்று சண்டைக்கு வருபவர்கள் உண்டு. கேட்டால் நோட்ஸில் படித்திருப்பார்கள். உயிரியலில் 'ந' அதிகம் உள்ளவர்கள் நோட்ஸை மூடி வைத்துவிட்டு மத்திய அரசின் என்.சி.இ.ஆர்.டி. பாடப்புத்தகத்தை வரிவரியாக, படங்களின் கீழே இருக்கும் குறிப்பு உட்பட, படிக்க வேண்டும். தப்பான ஒவ்வொன்றுக்கும் புத்தகத்தில் அந்த வரியைத் தேடி அடிக்கோடிடுங்கள். ஒரு மாதத்தில் எந்தப் பாடத்தில் கோடு அதிகம் என்று தானாகத் தெரியும்.

அறிகுறி: நேரம் போதவில்லை

கேள்விக்கு ஒரு நிமிடம்தான், ஆனால் உயிரியலின் 90 கேள்விக்கு அவ்வளவு தேவையில்லை. 45 முதல் 50 நிமிடத்தில் அதை முடித்தால் மீதி இரண்டுக்கும் மூச்சுவிட இடம் கிடைக்கும். எந்த வரிசையில் எழுதினீர்கள் என்று முதலில் பாருங்கள். பிசிக்ஸை முதலில் எடுத்து முக்கால் மணி நேரம் மாட்டிக்கொள்வது வழக்கமான காரணம். அடுத்தது பிடிவாதம்: ஒரு கணக்கில் இரண்டு நிமிடம் தாண்டினால் அடையாளம் வைத்துவிட்டு நகருங்கள். இரண்டும் சரி என்றால் கூட்டல் பெருக்கல் வேகம்தான் மிச்சம். கால்குலேட்டர் இல்லாமல் தினமும் இருபது நிமிடம் பின்னமும் பத்தின் அடுக்குகளும் போட்டுப் பாருங்கள். இதற்கு ஆசிரியர் தேவையில்லை.

அறிகுறி: மற்றது பரவாயில்லை, பிசிக்ஸ் மட்டும் கீழே இழுக்கிறது

ஒரு முழுத் தாளின் 45 பிசிக்ஸ் கேள்வியை நேரமே வைக்காமல் போடுங்கள். எவ்வளவு நேரமானாலும் சரி, புத்தகம் மட்டும் பார்க்கக் கூடாது.

முப்பதுக்கு மேல் சரியாக வந்தால் உங்களுக்குப் பிசிக்ஸ் தெரியும். வேகம் போதவில்லை, மேலே உள்ள பகுதிக்குப் போங்கள்.

இருபதுக்கும் முப்பதுக்கும் இடையில் என்றால், தவறானவற்றின் ரஃப் வேலையைப் பாருங்கள். பெரும்பாலும் சூத்திரம் சரியாக இருக்கும்; அதில் எண்ணைப் போடும் இடத்தில் சறுக்கியிருக்கும். "2 மி.மீ. விட்டமுள்ள கம்பி" என்று கேள்வி சொல்கிறது. பிள்ளை ஆரத்தின் இடத்தில் 2-ஐப் போடுகிறது. பரப்பு நான்கு மடங்காகி, மின்தடை கால் பங்காக வருகிறது. அந்தக் கால் பங்கு விடை ஆப்ஷனில் அழகாகக் காத்திருக்கும், அதனால் சந்தேகமே வராது. தீர்வு: கணக்குப் போடும் முன் கொடுத்திருப்பதை எல்லாம் அலகோடு ஒரு வரியில் எழுதுங்கள், எழுதும்போதே மீட்டருக்கு மாற்றிவிடுங்கள். அரை நிமிடம் போவதாகத் தோன்றும், போகட்டும்.

இருபதுக்குக் கீழே என்றால் ஒரு கேள்வி கேட்கிறேன்: பிளஸ் டூவில் கணிதம் படித்தீர்களா? பியூர் சயின்ஸ் குரூப்பில் வந்தவர்களுக்கு வெக்டர், டிரிகோணமெட்ரி, லாக், வகையீடு இவற்றில் பழக்கம் இருக்காது. பிசிக்ஸ் ஆசிரியர் இதெல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டு பாடத்தை ஓட்டுவார். இவர்கள் பிசிக்ஸ் டியூஷனுக்குப் போகும் முன் பிளஸ் ஒன் கணிதப் புத்தகத்தில் அந்த அத்தியாயங்களை மட்டும் ஒரு மாதம் போட வேண்டும். தெருவில் இருக்கும் கணித ஆசிரியரே போதும்.

கணிதமும் வருகிறது, இன்னும் இருபது தாண்டவில்லை என்றால் அப்போதுதான் பிசிக்ஸுக்குத் தனி ஆசிரியர் வேண்டும். நூறு பேர் உட்காரும் வகுப்பில் இது சரியாகாது. உங்கள் ரஃப் வேலையைப் பார்த்து எங்கே திரும்பினீர்கள் என்று சொல்லக்கூடிய ஒருவர் வேண்டும்.

தமிழில் தேர்வு எழுதியவர்களுக்கு ஒரு கூடுதல் சோதனை. கேள்வித்தாளில் ஆங்கிலமும் பக்கத்திலேயே இருக்கும். மொழிபெயர்ப்பில் குழப்பம் என்றால் ஆங்கில வடிவமே இறுதி. 'ந' போட்ட கேள்விகளில் ஆங்கிலத்தைப் படித்ததும் "ஓ, இதுவா" என்று எத்தனை வருகிறதென்று பாருங்கள். ஐந்தாறு வந்தாலே, பாடவாரியாகக் கலைச்சொற்களை இரண்டு மொழியிலும் எழுதிப் பழகுங்கள்.

அறிகுறி: இரண்டாவது தடவையும் ஏறக்குறைய அதே மார்க்

நீட்டுக்கு எத்தனை முறை என்ற வரம்பும் இல்லை, மேல் வயது வரம்பும் இல்லை. அதனால் எப்போது நிறுத்துவது என்பதை வீட்டில்தான் முடிவு செய்ய வேண்டும்.

இரண்டு வருடக் கேள்வித்தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்துகளை எண்ணுங்கள். முதல் வருடம் 'தெ' அதிகமாக இருந்து, இப்போது அது குறைந்து 'ந'வும் 'ஊ'வும் கூடியிருந்தால், மார்க் நகராவிட்டாலும் பாடம் உள்ளே போயிருக்கிறது. இன்னொரு வருடம் எழுதுவதில் அர்த்தம் இருக்கிறது, வீட்டிலிருந்தே டெஸ்ட் சீரிஸ் மட்டும் சேர்ந்தும் எழுதலாம். இரண்டு வருடமும் 'தெ' அதே அளவில் இருந்தால், படிக்கும் முறை அடியோடு மாற வேண்டும். சென்டர் மாற்றும் செலவு நியாயமாகும் இடம் இது ஒன்றுதான். பணம் கட்டும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்: என் பேட்சில் எத்தனை பேர், என் டெஸ்ட் பேப்பரை யார் உட்கார்ந்து பார்ப்பார்கள், பாதியில் நின்றால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும். மூன்றாவதற்கு எழுத்தில் பதில் வாங்குங்கள்.

எழுத விருப்பமே இல்லை, அம்மா அப்பாவுக்காகத்தான் எழுதுகிறேன் என்று பிள்ளை சொன்னால் அந்தப் பேச்சை முழுதாகக் கேட்க வேண்டும். குவியல் எண்ணிக்கை எதுவும் அதைத் தாண்டாது.

தமிழ்நாட்டில் கால்நடை மருத்துவம், வேளாண்மை, பி.எஸ்சி. நர்சிங், பி.பார்ம் ஆகியவற்றில் மாநில இடங்களுக்குப் பிளஸ் டூ மார்க்கை வைத்துச் சேர்க்கை நடந்துவருகிறது. இவற்றின் விண்ணப்பத் தேதிகள் நீட் ரிசல்ட் வருவதற்கு முன்பே முடிந்துவிடுவது உண்டு. அதனால் நீட் எழுதி முடித்த கையோடு, ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல், இவற்றுக்கும் விண்ணப்பித்து வையுங்கள். சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ் எல்லாம் ஏப்ரலிலேயே இ-சேவை மையத்தில் பதிந்து வாங்கிவிட்டால் கடைசி நேர அலைச்சல் இருக்காது.